பன்னிரண்டு பேருக்கு ஒரு பழைய முதலியார் எழுதுவது

மட்டக்களப்பு, திகாமடுல்ல தேர்தல் மாவட்டங்களின் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம், ஸலாம், ஆயுபோவன். மட்டக்களப்பிலிருந்து ஐந்து பேர், திகாமடுல்லையிலிருந்து ஏழு பேர். உங்களில் மூன்று சமூகத்தவரும் இருப்பதால் மூன்று விதமாகவும் சொல்லித் தொடங்குகிறேன். அடித்து வாங்குகிற வாக்குமூலங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். தேசியப் பட்டியலில் போனவர்களும் வாசிக்கலாம், தடையில்லை. சிங்களப் பிரதி வேண்டுமென்றால் நானே பெயர்த்துத் தருவேன். முப்பத்தொரு வருடம் அந்த வேலையைச் செய்துதான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன்.

நான் ஓய்வுபெற்ற நீதிமன்ற முதலியார். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, ஒருவர் தமிழில் சொல்வதைச் சிங்களத்திலும் சிங்களத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்கிற ஆள். எங்கள் வேலைக்கு ஒரு விதி உண்டு. "தன்னை அடித்ததாக இவர் சொல்கிறார்" என்று நாங்கள் சொல்லக் கூடாது. அவர் எப்படிச் சொன்னாரோ அப்படியே, "என்னை அடித்தார்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். சிங்களத்தில் "மட்ட கெஹுவா". ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஆறு பேருக்காக ஆறு தடவை அடி வாங்கினேன். சாப்பாட்டு அறையில் அதைச் சொல்லிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் ஏன் சிரித்தோம் என்று தெரியவில்லை.

சிங்களத்தில் பதிவு நடக்கிற ஒரு நீதிமன்றத்தில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கு. எதிரிக் கூண்டில் நின்றவர் வாவியில் வலை வீசி இறால் பிடிக்கிற ஒரு பொடியன். பிடிபட்டு இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அவருக்கு எதிராக இருந்தது ஒரு வாக்குமூலம் மட்டும்தான்: சிங்களத்தில் தட்டச்சடித்த நாலு பக்கம், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையெழுத்து. அது விருப்பத்தோடு கொடுத்ததா, அடித்து வாங்கியதா என்று பார்க்கிற விசாரணை அன்று. நாலு பக்கத்தையும் அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டும்படி நீதிபதி என்னிடம் சொன்னார். தன்னுடைய வாக்குமூலத்தை அந்தப் பொடியன் முதன்முதலாகக் கேட்டது என் வாயால்தான்.

நாலாம் பக்கம் முடிந்தது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லமாகக் கேட்டார்: "சேர், இது ஆர்ர கதை?"

அதையும் நான் சிங்களத்தில் சொன்னேன். பதிவில் இருக்கும்.

உங்களில் பாதிப் பேர் இந்த மண்ணில் பிறந்தவர்கள். மட்டக்களப்பான் ஒருவன் கடைக்குப் போய் வந்த கதையைச் சொன்னாலும் அதில் பத்து "மறுகா" இருக்கும்; பிறகு என்பதற்கு எங்கள் ஊர்ச் சொல். "மறுகா நான் வந்தன், மறுகா அவன் கேட்டான்." எங்களுக்கு மூச்சு விடுகிற இடம் அது. அந்த நாலு பக்கத்தில் ஒரு "மறுகா" இல்லை. சிங்களத்துக்குப் போகும்போது விழுந்துவிட்டது என்பீர்கள். சரி, விழட்டும். ஆனால் "பிற்பகல் 4.15 மணியளவில்", "மேற்குறிப்பிட்ட நபருடன்" என்பதெல்லாம் எங்கிருந்து வந்தன? அவர் மணிக்கூடு கட்டாதவர். இறால் படுகிற நேரம், மாடு பட்டிக்குத் திரும்புகிற நேரம் என்றுதான் குறுக்கு விசாரணையில்கூடச் சொன்னார். பிற்காலத்தில் வேறு வழக்குகளின் வாக்குமூலங்களை வாசிக்கும்போது அதே வசனங்கள், அதே ஒழுங்கில், ஒரே எழுத்துப் பிழையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். பல ஊர்களில் பல பேர் ஒரே பிழையோடு மனந்திறந்து பேசுவது அதிசயம்தான்.

அரச சட்டத்தரணி எழுந்து, அடித்தார்கள் என்றால் தழும்பு எங்கே என்று கேட்டார். பொடியன் வலது காலைத் தூக்கிக் கூண்டின் கம்பியில் வைத்து உள்ளங்காலைக் காட்டினார். ஒன்றும் இல்லை. உப்புத் தண்ணீரில் நின்று வெடித்த தோல் மட்டும். "இப்பவும் விறைக்குது சேர்" என்றார். எதனால் அடித்தார்கள்? "எஸ்லோன் பைப்பால." வேறு என்ன செய்தார்கள்? "சொப்பிங் பேக்குக்குள்ள பெற்றோல் விட்டு முகத்தில கட்டினாங்க." பை என்ன நிறம் என்று கேட்டார் அரச சட்டத்தரணி. தெரியாது என்றார். இரண்டு சொல்லுக்கும் எனக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. எஸ்லோன் பைப் என்கிற பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயும் சொப்பிங் பேக்கும் இந்த நாட்டில் மூன்று சமூகத்துக்கும் ஒரே சொல்தான்.

உள்ளங்காலும் பெற்றோல் பையும் கண்டபடி எடுத்த முறைகள் இல்லை. உள்ளங்கால் வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். பையால் வெளியில் காயமே வராது. நீதவான் முன் கொண்டுபோக வேண்டும், டாக்டர் பார்ப்பார், பத்திரிகைக்காரன் எழுதுவான் என்ற பயம் இருக்கிற நாட்டில்தான் இப்படித் தேடித் தேடி அடிக்கிறார்கள். யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத இடத்தில் இவ்வளவு மினக்கெட மாட்டார்கள்.

மற்ற ஜனநாயக நாடுகளும் இதைச் செய்துதான் இருக்கின்றன. 1971இல் வட அயர்லாந்தில் பிடித்தவர்களைப் பிரித்தானியர் சுவரோடு கைகளை ஊன்றி மணிக்கணக்காக நிற்க வைத்தார்கள், தலையில் பை மாட்டினார்கள், இரைச்சலைப் போட்டார்கள், தூக்கமும் சாப்பாடும் கொடுக்கவில்லை. அது மனிதாபிமானமற்ற நடத்தைதான், ஆனால் சித்திரவதை அல்ல என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978இல் தராசு பிடித்துச் சொன்னது. அமெரிக்க உளவுத்துறை மூச்சுத் திணறத் திணறத் தண்ணீர் ஊற்றிக் கேட்ட கேள்விகளால் உருப்படியான தகவல் கிடைக்கவில்லை என்று அந்த நாட்டு செனட் குழுவே 2014இல் எழுதி வைத்தது. இந்தியா 1997இல் சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் ஒப்பமிட்டது, இன்னும் ஏற்று உறுதிப்படுத்தவில்லை. 2020இல் தமிழ்நாட்டுச் சாத்தான்குளத்தில் கடை வைத்திருந்த ஒரு தகப்பனும் மகனும் பொலிஸ் காவலில் அடிபட்டு இறந்ததை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை யாரையும் சித்திரவதை செய்யக் கூடாது என்று ஒரே வரியில் சொல்கிறது. வேறு பல உரிமைகளுக்குத் தேசியப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று கட்டுப்பாடு போடலாம். இதற்குப் போட முடியாது. 1994இல் சமவாயத்தை ஏற்றோம். அதே வருடம் 22ஆம் இலக்கச் சட்டம் வந்தது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஆகக் குறைந்தது 7 வருடம், கூடியது 10 வருடம் சிறை. கூண்டில் நின்று "மட்ட கெஹுவா" சொன்னவர்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கணக்கில்லை. அந்தச் சட்டத்தில் தண்டனை பெற்ற பொலிஸார் மிகச் சிலரே என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏன் என்று நான் யோசித்தது உண்டு. கெட்ட மனிதர்கள் என்று சொல்லிவிட்டால் சுலபம். ஆனால் அடித்தவர்களில் சிலரை எனக்குத் தெரியும். நீதிமன்றக் கன்டீனில் தேத்தண்ணீர் வாங்கித் தந்து, மகளின் புலமைப்பரிசில் புள்ளியைக் கேட்பார்கள். அடித்தால் வேலை முடிகிறது, காரணம் அவ்வளவுதான். கைரேகை எடுக்க வேண்டாம், சாட்சி தேட வேண்டாம், வெயிலில் வீடு வீடாக ஏற வேண்டாம். நாலு பக்கம் கிடைத்தால் கோப்பு மூடிவிடும். அந்த நாலு பக்கத்துக்கு விலை இருக்கும்வரை அதை வாங்க ஆள் இருப்பார்கள்.

அந்த விலையைக் கொடுத்தது யார்? பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை வழக்கில் ஏற்கக் கூடாது என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவில் சொல்கிறது. வெள்ளைக்காரன் தன்னுடைய பொலிஸையே நம்பவில்லை. 1979 ஜூலையில், மக்கள் வாக்களித்து அனுப்பிய பாராளுமன்றம் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தைக் கொண்டுவந்து, அந்தக் கதவைத் திறந்துவிட்டது. 16ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவர் முன்னால் சொன்னது சாட்சியாகும். அடித்து வாங்கியது என்றால், அடி வாங்கியவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1982இல் சட்டம் நிரந்தரமானது. பெயரில் மட்டும் "தற்காலிக" என்பது இன்னும் இருக்கிறது. 2022இல் திருத்தினார்கள், தடுத்து வைக்கும் காலம் 18 மாதத்திலிருந்து 12 ஆனது. 16ஆம் பிரிவில் கை வைக்கவில்லை.

இதில் நம்முடைய ஊருக்குத் தனிப்பங்கு உண்டு. 1993 ஜூலை 16 விடியற்காலையில் நடந்த ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டு, மற்றவர்களோடு கொம்மாதுறை இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர் சிங்கராசா. கையைக் கட்டி மாமரத்தில் தொங்கவிட்டு அடித்ததாக அவருடைய முறைப்பாடு. பிறகு பொலிஸிடம் கொடுத்தார்கள். அங்கே எழுதப்பட்ட வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது, அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட மறுத்தபோது பெருவிரலைப் பிடித்து அழுத்தியதாகச் சொன்னார். மொழிபெயர்த்தது ஒரு பொலிஸ் கொன்ஸ்டபிள். 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடம் தீர்த்தது, மேன்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. ஜெனீவாவில் உள்ள ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல், வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாங்கிய வாக்குமூலத்தை மட்டும் நம்பித் தண்டித்ததும், அடிக்கப்பட்டதை நிரூபிக்கும் பொறுப்பை அவர் தலையில் போட்டதும் பிழை என்று சொன்னது. அந்தக் குழுவுக்கு மனுச் செய்யும் ஏற்பாட்டில் ஜனாதிபதி இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று நம் உயர் நீதிமன்றம் 2006இல் சொல்லி, மனுவைத் தள்ளியது.

அந்த வழக்கை நான் முதலியாராக வாசிக்கிறேன். ஒரு மனிதனின் 35 வருடம் போகப் போகிற அறையில், இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு மொழிபெயர்ப்பாளர் இல்லை. மாட்டுத் திருட்டு வழக்குக்குக்கூட எங்களைச் சத்தியம் செய்ய வைத்துத்தான் நிறுத்துகிறார்கள்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். சட்ட வைத்திய அதிகாரியிடம் விலங்கோடு கொண்டுபோவார்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால், கூட வந்த கொன்ஸ்டபிள் மொழிபெயர்ப்பார். "என்ன நடந்தது?" "விழுந்துட்டன்." எத்தனை படிவத்தில் இந்த "விழுந்துட்டன்" இருக்கிறது தெரியுமா? நம் ஊர்ப் பொலிஸ் நிலையங்களில் தரை அவ்வளவு வழுக்கலோ என்னவோ.

அடித்தவர்களெல்லாம் சீருடைக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஆயுதம் தூக்கிய தமிழ் இயக்கங்களும் அடித்தன. ஒவ்வொரு இயக்கத்துக்கும் ஒரு முகாம், ஒவ்வொரு முகாமுக்கும் ஓர் இருட்டு அறை இருந்தது. இராணுவத்தோடு நின்ற நம் பொடியன்கள் ஆளைக் காட்டிக் கொடுக்கிற தலையாட்டியாக வந்து சாக்கு மாட்டிய தலையை ஆட்டியதில் போனவர்களும் உண்டு. அந்தத் தாய்மாருக்கு முறைப்பாடு கொடுக்க எந்த நீதிமன்றமும் இருக்கவில்லை. உங்களில் சிலருக்கு அந்த நாட்களைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும். இதற்கு மேல் எழுதவில்லை.

2023 டிசம்பர் 14 அன்று உயர் நீதிமன்றம், மிரிஹானையில் ஒருவரைச் சித்திரவதை செய்த விவகாரத்தில் அப்போதைய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னக்கோனும் மற்றவர்களும் அடிப்படை உரிமையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. மூன்று நாள் கழித்து, 17ஆம் திகதி, அவருடைய தலைமையில் "யுக்திய" போதைப்பொருள் நடவடிக்கை தொடங்கியது. யுக்திய என்றால் நீதி. இதை மொழிபெயர்க்கும்போது எனக்கே கை கூசியது. 2024 பெப்ரவரியில் அவரைப் பொலிஸ் மா அதிபராகவே நியமித்தார்கள். 2025 ஆகஸ்ட் 5 அன்று பாராளுமன்றம் 177 வாக்குகளால் பதவி நீக்கியது. எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. உங்களில் யார் வாக்களித்தீர்கள், யார் அன்று சபையில் இல்லை என்பது சபைப் பதிவான ஹன்சாட்டில் இருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் தீர்ப்புக்கும் நீக்கத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட இருபது மாதம். அந்த இருபது மாதத்தில் நாங்கள் என்ன செய்தோம்? யுக்தியவுக்குக் கைதட்டினோம். கோயில் நிர்வாகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்தே கைதட்டினோம். தூள்காரனுக்கு என்ன உரிமை என்றோம்.

இனிச் சொல்லப் போவது என்னுடைய ஒப்புதல் வாக்குமூலம். யாரும் அடித்து வாங்கவில்லை.

எனக்குப் படுவான்கரையில் ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. ஓய்வு பெற்ற அடுத்த வருடம் வாடியில் வைத்திருந்த தண்ணீர் மிஷின் காணாமல் போனது. பக்கத்து ஒழுங்கையில் மா இடித்து விற்கிற ஒரு பொம்பிளையின் மகன்மேல் எனக்குச் சந்தேகம். முந்தின மாதம் ஒரு தேங்காய்க் களவில் அவன் பேர் அடிபட்டிருந்தது. ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன், எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. சார்ஜன்ட் என்னைத் தெரிந்தவர், கதிரை போட்டார். முறைப்பாடு எழுதி முடிந்து எழும்பும்போது நான் சொன்னேன்: "கொஞ்சம் தட்டிக் கேளுங்க, சொல்லுவான்."

முப்பத்தொரு வருடம் "என்னை அடித்தார்கள்" என்று சொன்ன அதே வாய்.

இரண்டாம் நாள் கூப்பிட்டார்கள். பொடியன் ஒப்புக்கொண்டுவிட்டான். பழைய இரும்புக்காரர் ஒருவரிடம் விற்றானாம், கடையையும் காட்டிக் கொடுத்தானாம். அங்கேயிருந்து ஒரு மிஷினைத் தூக்கி வந்து மேசையில் வைத்து, "இதுதானே ஐயா?" என்று கேட்டார்கள். ஒப்புதல் செல்லாவிட்டாலும், அதன் மூலம் கண்டுபிடித்த பொருளைக் காட்டலாம் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. எனக்கு அது மனப்பாடம். ஆனால் அது என்னுடைய மிஷின் இல்லை. நிறம்கூட வேறு. பொடியன் பென்ஞ்சில் இருந்தான், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு. காலில் போட முடியவில்லை என்று பிறகுதான் விளங்கியது.

அன்று பின்னேரம் என் மருமகன் போன் எடுத்தான். "மாமா, மிஷின் எங்கட வயலில நிக்குது, நாளைக்குக் கொண்டு வாறன், சொல்ல மறந்து போயிற்றன்."

அந்தத் தாய் என்னிடம் வந்து சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நல்லது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு மா கொண்டு வருவதை நிறுத்திவிட்டா.

இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், சார்ஜன்டுக்கு வந்த அழைப்பு என்னுடையது மட்டும் இல்லை. உங்கள் அலுவலகத்திலிருந்தும் போகிறது. "நம்மட ஆள், விட்டுடுங்க" என்று ஒரு வகை, "அவனை நல்லாக் கவனிங்க" என்று இன்னொரு வகை. முதல் வகையை எல்லோரும் திட்டுகிறார்கள், இரண்டாவதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. உங்கள் செயலாளர்களிடமும் பிரதேச சபை உறுப்பினர்களிடமும் சொல்லி அந்த இரண்டாவது அழைப்பை நிறுத்துங்கள். அதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவையில்லை.

சட்டத்தில் நான் கேட்பது ஒன்றுதான். 1979ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2018இல் ஒரு வரைவு வந்தது, 2023இல் இன்னொன்று வந்தது. இனியும் வேறு பெயரில் வரும். நீங்கள் சபையில் அரை மணித்தியாலம் உணர்ச்சியாகப் பேசுவதைவிட, வரைவைக் கையில் எடுத்து, பொலிஸிடமோ இராணுவத்திடமோ சொன்னது சாட்சியாகும் என்ற வரி எந்த மூலையிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது நேராக வராது. அட்டவணையில் வரும், ஒழுங்குவிதியில் வரும், "நீதவான் திருப்திப்பட்டால்" என்று நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும். அந்த வரி இருந்தால் கையுயர்த்தாதீர்கள். பழைய சட்டத்தில் பிடிபட்டவர்களின் வழக்குகளுக்கும் 16ஆம் பிரிவு செல்லாது என்று எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதுச் சட்டம் வந்த பிறகும் பழைய நாலு பக்கங்கள் உயிரோடு இருக்கும்.

வாக்குமூலம் எழுதும் இடத்துக்கும் டாக்டரின் அறைக்கும் வெளியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் வேண்டும், டாக்டர் பார்க்கும்போது பொலிஸ்காரர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். இது பெரிய செலவு இல்லை. ஓய்வு பெற்ற முதலியார்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் வீட்டில் பேப்பர் வாசித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

இன்னொன்று, அடி வாங்கியவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அது கொழும்பு புதுக்கடையில் இருக்கிறது. கால் ஊன்ற முடியாத ஆள் உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்பில் இறங்கி, சட்டத்தரணி பிடித்து, சத்தியக் கடதாசி எழுத ஒரு மாதம். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அலுவலகம் உண்டு. இது நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள் திறந்து வைக்கிற பஸ் தரிப்பிடங்களில் உங்கள் படம் இருக்கிற இடத்தில் கொஞ்சம் ஒதுக்கி இதை எழுதலாம். அடிப்படை உரிமை மனுவைக் கிழக்கிலேயே விசாரிக்க வழி செய்யும்படியும் கேளுங்கள், அது நடக்க நாள் எடுக்கும்.

வலை வீசுகிற பொடியனின் வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்று நீதிபதி திகதி போட்டார். அடுத்த தவணைக்கு முன் எனக்கு இடமாற்றம் வந்துவிட்டது. முதலியார்களுக்கு முடிவு தெரிவது குறைவு.

பதிலைத் தமிழிலோ சிங்களத்திலோ எழுதலாம். எதில் எழுதினாலும் நான் இரண்டிலும் பெயர்த்து, ஒழுங்கை முனையில் அந்தத் தாய் மா விற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிற சன சமூக நிலையத்து விளம்பரப் பலகையில் ஒட்டுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற முதலியார் ஒருவர்
களுவாஞ்சிகுடி